எதிர்ப்பக்கத்துக் கூலி

பரூச், குஜராத்
7 ஜூலை 2024

அன்புள்ள நாஸியா அக்காவுக்கு, தம்பி வசீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஊரிலிருந்து நல்லபடி வந்து சேர்ந்தேன். நீ, மச்சான், ஜோஹரா மாமி மூவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மாமியின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் வீட்டில் இருப்பது ஒரே போன். பகலில் மச்சானோடு கடைக்குப் போகிறது, இரவில் மாமியின் கட்டிலில் ஸ்பீக்கரில் கிடக்கிறது. போதாக்குறைக்கு நான் போனில் கத்துகிறேன் என்கிறாய். அதனால் கடிதம்.

பக்ரீத் விடுமுறையில் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. எதிர்வீட்டு ஜோதிகா பிள்ளையை உன் கையில் போட்டுவிட்டு ஓடுகிறாள். போன் கம்பெனியில் பாகங்களைப் பூட்டிவிட்டு அவள் திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிடுகிறது. அவள் வீட்டுக்காரர் சந்தோஷ்குமார் லாரியில் ஏறினால் வாரக்கணக்கில் வருவதில்லை. நாள் முழுக்க அவர்கள் பிள்ளை ஜெபகுமாருக்குச் சோறு, குளியல், பீத்துணி எல்லாம் நீதான். அவனைத் தூங்கவைக்க உள்ளறைக் கதவை வேறு சாத்திக்கொள்கிறாய். அந்த அறையில் மின்விசிறி சுற்றுவதில்லை. வேர்த்து ஊற்ற வெளியே வருகிறாய். இதற்கு உனக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை, அரைக் கிலோ கேக்.

மச்சான் பழைய பட்டுப்புடவை வாங்கி ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிறவர். கிழிந்த புடவையைக்கூட எடை போட்டு விலை சொல்கிற வீட்டில் உன் ஒரு நாளுக்கு மட்டும் விலை கிடையாதா?

நான் விசாரித்துவிட்டேன். காஞ்சிபுரத்தில் காப்பகங்கள் வாங்குவது, வீட்டுவேலைக்கு வருகிறவர்கள் கேட்பது, உன் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு. ஜோதிகாவிடம் சொல். சுற்றி வளைக்காதே. நேராகச் சொல்.

மச்சானுக்கு என் சலாம். பதில் உடனே வேண்டும்.

தம்பி,
வசீம்

*

ஒலிமுகமது பேட்டை, காஞ்சிபுரம்
24 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் கிருபையில் எல்லோரும் சுகம். மாமிக்கு முட்டிவலி அப்படியேதான். யாரோ கொடுத்த எண்ணெயைத் தடவிக்கொள்கிறார்கள், வீடே அந்த நாற்றம். அங்கே பருப்பிலும் சர்க்கரை போடுகிறார்கள் என்றாயே, இப்போது பழகிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடு.

ஜெபுவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. நேற்று மச்சானின் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். "இன்னா ஜான் பாஷா, இந்தச் சரக்கு எவ்ளோ தேறும்?" என்று மாமி கேட்க, "ஜரிகை இல்லம்மா, வெறும் எடைதான்" என்றார் மச்சான். அவர் சிரித்து நீயும்தான் பார்த்திருக்க மாட்டாய்.

நீ எழுதிய விஷயம். அது கூலி பேசுகிற வேலை இல்லை, வசீம். ஏன் என்று கேட்காதே. போட்ட கணக்கைக் கிழித்துப் போட்டுவிடு. கடிதத்தைப் பார்த்துவிட்டு மாமி, "உன் தம்பி இன்னாம்மா இம்மாம் நீளம் எழுதியிருக்கறான்?" என்றார்கள். சும்மா சுகம் விசாரித்திருக்கிறான் என்று சொல்லிவைத்தேன். என்னைப் பொய் சொல்ல வைக்காதே.

துஆவுடன்,
அக்கா

*

பரூச்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல்.

'ஏன் என்று கேட்காதே' என்பது பதில் அல்ல. எங்கள் ஆலையில் ஒரு வால்வு திறக்கவில்லை என்றால் ஏன் என்றுதான் முதலில் கேட்போம். மாமி தடுக்கிறார்களா? மச்சானா?

பெருநாளுக்கு முந்தின நாள் செருப்பு அறுந்துவிட்டது என்று நீ மச்சானிடம் காசு கேட்டாய். அவர் காதில் விழாதது மாதிரி இருந்தார். இரண்டாவது முறை கேட்டாய். என் எதிரில்! எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவள் நீ. உன் மகள் பிறந்த இருபதாம் நாளே போனாளே, அதிலிருந்து நீ யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறாய். அதைப் பொறுமை என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பத்து நாளில் உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் ஜோதிகாவுக்கு நானே எழுதுவேன்.

மாமிக்குச் சலாம் சொல்.

வசீம்

*

பரூச்
18 ஆகஸ்ட் 2024

திருமதி ஜோதிகா அவர்களுக்கு வணக்கம். நீங்களும் கணவரும் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். நான் நாஸியாவின் தம்பி. பக்ரீத்துக்கு வந்தபோது வாசலில் பார்த்திருப்பீர்கள்.

என் அக்கா கேட்கமாட்டாள், வெட்கப்படுவாள். அதனால் நான் கேட்கிறேன். உங்கள் மகனைப் பார்த்துக்கொள்ள மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒன்றாம் தேதி கொடுக்கவேண்டும். பஸ் வந்து அரை மணிக்கு மேல் ஆனால் தாமதக் கட்டணம். ஞாயிறு விடுமுறை. பால், பால்மாவு, பிஸ்கட், மருந்து உங்கள் பொறுப்பு.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவள் குழந்தை இறந்துவிட்டது, அந்த ஏக்கத்தில் ஓசியில் பார்த்துக்கொள்வாள் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது நியாயம் இல்லை.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
வசீம்

*

காஞ்சிபுரம்
19 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே மழை எப்படி?

ஜோதிகா வந்தாள். ஏழாயிரத்து ஐந்நூறை ஸ்டூல் மேல் வைத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜெபுவை மாகறலில் அவள் அம்மா வீட்டில் விட்டிருக்கிறாளாம். இனி அங்கேதானாம்.

வீடு சுத்தமாக இருக்கிறது. மத்தியானத்தில் தூங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பரூச்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம்தானே?

பணம் வந்தது நல்லது. பிள்ளையை மாற்றியது அவள் முடிவு. கட்டுப்படியாகாத விலை என்றால் வேறு இடம் பார்ப்பார்கள், உலக வழக்கம்தான். உன் தெருவில் வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர்! வேறு குழந்தை வரும். அப்போது முதல் நாளே பேசிவிடு.

முதலில் ஒரு நல்ல செருப்பு வாங்கு. வாங்கியதும் எழுது.

வசீம்

*

பரூச்
26 அக்டோபர் 2024

அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்கிறேன். சம்பிரதாயத்துக்கு இல்லை, நிஜமாகவே.

ஏன் பதில் இல்லை? மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் மாமிதான் எடுத்தார்கள். "அவ தூங்கறாப்பா." இரவு ஏழு மணிக்கு என்ன தூக்கம்? "ஒடம்பு சரியில்லையா மாமி?" என்றேன். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ எழுதினியே, நல்லா எழுதின" என்று வைத்துவிட்டார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன்? எதுவாக இருந்தாலும் இரண்டு வரி போடு.

வசீம்

*

காஞ்சிபுரம்
10 நவம்பர் 2024

வசீம் அண்ணனுக்கு, ஜோதிகா எழுதுவது. தோத்திரம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். தீபாவளிக்கு முன்னால் ஓவர்டைம் விடாமல் இருந்தது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நீங்கள் தாளில் எழுதினீர்கள், நானும் தாளில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 'பால் உங்கள் பொறுப்பு' என்று போட்டிருந்தீர்களே, அது ஒன்றுதான் தப்பு.

ஜெபு பிறந்து மூணு மாசத்தில் கான்ட்ராக்ட்காரன் திரும்பி வா, இல்லையென்றால் பேரை எடுத்துவிடுவேன் என்றான். போனேன். நாள் முழுக்க நின்றதில் எனக்குப் பால் வற்றிவிட்டது. புட்டியை இவன் வாயிலேயே வைக்கமாட்டான். முதல் வாரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெருமுனையில் இவன் அழுகை கேட்கும். ஒரு நாள் கேட்கவில்லை. பயந்துபோய் ஓடினேன். உங்கள் அக்கா உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், இவன் மடியில். அவர்கள் மகள் போய் ஒரு மாசம் ஆகியிருக்கும். என்னைப் பார்த்ததும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கோச்சிக்காதம்மா. அழுதுக்கினே இருந்தான். நெஞ்சு தாங்கல" என்று அழுதார்கள். மறுநாளும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசினதே கிடையாது.

ஜோஹராம்மா மசூதியில் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார்கள். உங்கள் மார்க்கத்தில் பால் குடித்த பிள்ளை பெற்ற பிள்ளை மாதிரியாமே. "இனிமே அவன் எங்க வீட்டுப் புள்ள. வளர்ந்து மீசை வெச்சாலும் நாஸியா அவன் முன்னால முக்காடு போட வேணாம். நீ கூலி கீலின்னு பேசிடாத" என்றார்கள். சரிம்மா என்றேன். எனக்கு அது வசதியாகத்தானே இருந்தது? சம்பளம் முழுசாகக் கையில் நின்றது. அண்ணா, ஓசி என்று நீங்கள் எழுதினது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் சுட்டது.

என் சம்பளம் பதினாலாயிரம். நீங்கள் கேட்டதை ஒரு மாசம் கொடுக்கலாம், கடன் வாங்கி இரண்டு மாசமும் கொடுக்கலாம். அந்தப் பாலுக்கு என்ன கொடுப்பேன்? நீங்கள் படித்தவர், அதற்கும் ஒரு விலை போட்டு எழுதுங்கள். அது தெரியாமல் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மாகறலில் அவன் சாப்பிடுவதில்லை. பஸ் சத்தம் கேட்டால் கதவுக்கு ஓடுகிறான்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

ஜோதிகா

*

பரூச்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்கவேண்டும்.

ஜோதிகா எழுதியிருந்தாள். ஒரு மாதமாக இந்தத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருக்கிறேன். எனக்கு இப்படி ஆனதில்லை. நினைத்ததை எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவன் நான்.

அந்த விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. தம்பி அக்காவுக்கு எழுதுகிற விஷயமும் இல்லை. அந்த அறைக் கதவை நீ சாத்தினாய் என்று நான் புகார் எழுதினேன், நினைத்தால் உடம்பு கூசுகிறது. உன் மகளை இழுத்து ஜோதிகாவுக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாவிட்டால் அவளிடம் கேட்காதே.

அவளுக்கும் எழுதிவிட்டேன். கேட்ட விலைக்கு என்னிடம் பதில் இல்லை, போட்ட கணக்கையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், பிள்ளையை அழைத்து வரவேண்டும் என்று. வேறு என்ன செய்யவேண்டும்? சொல், செய்கிறேன்.

மாமிக்கும் மச்சானுக்கும் சலாம். அவர்கள் வாங்கிக்கொண்டால்.

வசீம்

*

காஞ்சிபுரம்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். இந்தத் தடவை எழுதுவது மெய்யான சுகம். மாமியும் உன் சலாமை வாங்கிக்கொண்டார்கள்.

உன்னை யார் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னது? கேட்கிறவன் நீ, திரும்ப வாங்குகிறவனும் நீயேவா? ஜோதிகாவுக்கு எழுதினதை நான் படித்துவிட்டேன், அவள் ஸ்டூலில் பணத்தோடு அதையும் வைத்தாள். மாமிக்கும் மச்சானை விட்டுப் படிக்கச் சொன்னேன். அந்த வரியை மச்சான் மெதுவாகப் படித்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

நீ வெட்கப்பட்டது இருக்கட்டும், என் வெட்கத்தைக் கேள். அந்தப் பணத்தைப் பார்த்ததும் எனக்கு சந்தோஷமாக இருந்தது. பிள்ளை போகிறான் என்று அவள் சொல்கிறாள், என் கண் நோட்டில் இருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கென்று ஒருவர் கொடுத்த பணம் அதுதான். அவள் போனபிறகு எண்ணிப் பார்த்தேன், வசீம். இரண்டு தடவை. அப்புறம்தான் அழுதேன். பணத்துக்கு ஆசைப்பட்டதால் அல்லாஹ் பிள்ளையை எடுத்துக்கொண்டான் என்று நினைத்தேன். உனக்கு எழுத முடியாமல் படுத்துக்கிடந்தது அதற்காகத்தான், உன் மேல் கோபத்தால் இல்லை. கோபமும் இருந்தது.

உன் டிசம்பர் கடிதம் வந்த வாரம் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போய் அவர் மனைவி வழியாக நானே கேட்டேன். பால் கொடுத்தவள் கூலி வாங்கலாமா? உள்ளேயிருந்து பதில் வந்தது. தாராளமாக வாங்கலாமாம். பாலூட்டுகிறவளுக்கு நியாயமான கூலியைக் கொடுக்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறதாம், வாங்கினால் உறவு அறுந்துவிடாதாம். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன்.

"அன்னிக்கு ஹஜ்ரத் இத்தச் சொல்லலயே!"

"நீங்க கேட்டீங்களா மாமி?"

"புள்ள உறவு ஆயிடுமான்னு கேட்டேன். ஆயிடும்னாரு. கூலியப் பத்தி நான் எதுக்குக் கேக்கணும்? நம்ம வூட்டுப் பொம்பள கூலிக்குப் பால் குடுக்கறான்னு ஊரு சொல்லும்னு பயம்மா."

அவர்களுக்கும் வெட்கம்தான், பார். மறுநாள் மாகறல் பஸ்ஸில் அவர்களும் என்னோடு ஏறினார்கள், எண்ணெய் நாற்றத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை, ஜோதிகா அங்கே இருந்தாள். ஜெபு இளைத்திருந்தான். என்னைப் பார்த்தான். கையை நீட்டினேன். அவன் வரவில்லை. ஜோதிகாவின் அம்மா பட்டம்மாளின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாலு மாசம் அவனுக்கு ஒரு ஆயுள். பால் விஷயம் இனி இல்லை, அது முடிந்தது. நான் மாமியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நல்லவேளை, ஜோதிகா பேசினாள். "உன் தம்பி கேட்டத்துக்கு என்னால விலை போட முடியல நாஸிக்கா. எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான். எங்கப்பா தறியில கரை கோத்து நெய்யறப்போ எதிர்ப்பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து நாடா தள்ளணும். அவங்க இல்லாம புடவையே இல்ல. வெளியாளு உக்காந்தா புடவைக் கூலியில அவங்களுக்குப் பங்கு. நான் ஸ்கூலு விட்டு வந்து உக்காந்தேன். எனக்கு ஒண்ணும் கெடையாது. ஏன்னா வூட்டுப் புள்ளயாம்." அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "அத்தயேதான் உனக்கும் செஞ்சிக்கினு இருந்தேன்."

"சரி, பங்கு இன்னா?" என்றார்கள் மாமி. அவர்கள் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"மூணுல ஒண்ணு. ஓவர்டைம் வந்தா அதுலயும்."

"நாலுல ஒண்ணு போதும்" என்றேன்.

"நீ சும்மா இருக்கா. குடுக்கறவ நானு."

"வாங்கறவ நானு!"

"ஏம்மா, ஒலகத்துல பேரம் இப்டியா பேசுவாங்க?" என்று மாமி என் தொடையில் ஒன்று வைத்தார்கள். மூன்றில் ஒன்றுதான் நின்றது. அவள் பஸ் ஏறினால்தான் எனக்குக் கூலி, நான் இருந்தால்தான் அவள் பஸ் ஏறமுடியும். இதுதான் கணக்கு. உன் ஏழாயிரத்து ஐந்நூறைவிடக் குறைவு. கோபித்துக்கொள்ளாதே. பழைய மாசங்களைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ எழுதினதில் எங்களுக்குப் பிடித்தது ஞாயிறு விடுமுறை. அதை வைத்துக்கொண்டோம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

காஞ்சிபுரம்
9 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? வெயிலில் வேலை, தண்ணீர்த் தாகம் எடுக்கும், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழாமல் இருந்துவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். மாமி ஒரு நோன்பும் விடவில்லை.

நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன். முதல் மாசப் பணம் வந்தபோது மச்சான் சரக்குக்கு ஆயிரம் குறைகிறது என்றார். எனக்குக் காது கேட்கவில்லை. மறுபடி கேட்டார், கொடுத்தேன். வாரத்தில் திருப்பித் தந்தார். இதை யாரிடமும் சொல்லாதே.

ஜெபு காலையில் வரும்போது மாகறலை நினைத்து அழுகிறான். பஸ் போய் வெகுநேரம் கழித்துத்தான் என் பக்கமே திரும்புகிறான். முன்பெல்லாம் உள்ளறைக்கு அவனே இழுத்துக்கொண்டு போவான், இப்போது அந்தக் கதவைத் தாண்டினால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். மச்சான் அந்த மின்விசிறியைச் சரிசெய்துவிட்டார். நான் அவனைக் கூடத்தில்தான் தூங்கவைக்கிறேன்.

காமாட்சியம்மன் தேருக்காகத் தெருக்களை அடைத்திருக்கிறார்கள், கம்பெனி பஸ் ஊருக்குள் வருவதில்லை. நேற்று ஜோதிகா நடந்தே வந்து சேர்ந்தாள், நோன்பு திறந்து வெகுநேரம் ஆகிவிட்டது. சம்பள நாள். கைப்பையைத் திறந்தாள். இந்த மூன்று மாசமும் அந்த நேரத்தில் அவள் வாசற்படியைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். கை மட்டும் கொடுக்கும், கை மட்டும் வாங்கும். நீ இருந்தால் இதென்ன கூத்து என்று கத்தியிருப்பாய். உனக்குப் புரிய வைக்க முடியாது. கேட்டு வாங்கினால் குறைந்துவிடுமோ என்று எனக்கு, கொடுத்தால் தீர்ந்துவிட்டதாக ஆகுமோ என்று அவளுக்கு.

நேற்றும் அப்படியே திரும்பி நின்றேன். கையில் நோட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெபு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கிறான். ஒரு நோட்டு வாயில்.

"டேய், துப்புடா, துப்பு!" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்தோம்.

அவன் ஓட்டம் பிடித்தான். எங்கே ஓடினான் என்று நினைக்கிறாய்? என் பின்னால் வந்து, புடவையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொண்டான், அவன் அம்மாவிடமிருந்து.

ஜோதிகா நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"எண்ணிக்கோக்கா" என்றாள்.

எண்ணினேன், அவள் எதிரிலேயே.

துஆவுடன்,
உன் அக்கா
நாஸியா